எட்டுத் துணிக்கொடிகளும் ஒரு டியூனரும்

1994, ஜூன். திருமுல்லைவாயில் வாடகை வீட்டைக் காலி செய்தோம். வீட்டுக்காரர் மனையை விற்றிருந்தார். இரண்டு தென்னைகளுக்கு இடையே கட்டியிருந்த இருபது மீட்டர் கம்பி ஆன்டெனா இறக்கப்பட்டது. ஐயப்பன்தாங்கலில், எட்டு வீடுகள் கொண்ட குடியிருப்பின் இரண்டாம் மாடியில் குடியேறினோம்.

1994, ஆகஸ்ட். மொட்டைமாடியின் ஒரு மூலையில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, நான்கு மீட்டர் அலுமினியக் குழாய் ஒன்றை நிறுத்தக் குடியிருப்போர் சங்கம் அனுமதித்தது.

1995, ஜனவரி. என் மைத்துனர் மஸ்கட்டிலிருந்து வந்தபோது தானியங்கி ஆன்டெனா டியூனர் ஒன்றைக் கொண்டுவந்தார்.

1995, மார்ச். டியூனர் அறையிலிருந்து மொட்டைமாடிக்கு மாற்றப்பட்டது. எட்டுத் துணிக்கொடிகள் அதனுடன் இணைக்கப்பட்டன.

1997, நவம்பர். என் மனைவி இறந்தாள். வயது ஐம்பத்தெட்டு.

இவற்றைத் தேதி சரிபார்த்தே எழுதியிருக்கிறேன். முப்பது ஆண்டுகள் பொறியியல் கல்லூரியில் மின்காந்தவியல் கற்பித்தவன். எதையும் அளவிலிருந்து தொடங்குவதே எனக்குப் பழக்கம். அளவுகளுக்குள் வராத சிலவற்றை எழுத வேண்டியிருக்கிறது. அதற்கும் இதுதான் வழி என்று தோன்றுகிறது.

நாங்கள் இருவருமே, வீட்டிலிருந்தே வானொலி அலைகளில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ உரிமம் பெற்றவர்கள். எனக்கு அது பாடத்தின் நீட்சி. அவளுக்கு அது மனிதர்கள். அம்பத்தூரில் ஒரு பள்ளியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவள், எனக்கு முன்பே தேர்வெழுதி, எனக்கு முன்பே உரிமம் வாங்கினாள். எண்பதுகளின் நடுவிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் தென்னாட்டு ஹாம்கள் சிலர் கூடுவார்கள். அதை நெட் என்போம். ஒருவர் வருகைப் பட்டியலைப் படிக்க, மற்றவர்கள் முறைப்படி பதில் சொல்லி, வானிலை, உடல்நிலை, பழுதான சாதனம் என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு விலகுவார்கள். ஊர்ப்பெயரே அங்கே ஆள்பெயர். மதுரை, பெங்களூர், செங்கல்பட்டு, போர்ட் பிளேர். பட்டியலைப் படித்தவள் என் மனைவி. வகுப்பில் படிப்பது போலவே படிப்பாள். வங்கி மேலாளரும் ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளரும் காபியை ஆற்றிக்கொண்டு, சிறிதும் வெட்கமின்றி, "உள்ளேன் டீச்சர்" என்பார்கள்.

மூட்டுவாதம் அவளுக்கு நாற்பத்தெட்டாம் வயதில் விரல்களில் தொடங்கியது. ஐயப்பன்தாங்கலுக்கு வீடு பார்க்கப் போன நாளில் முழங்கால்களையும் அது பிடித்திருந்தது. அந்தக் குடியிருப்பில் இரண்டு வீடுகள் காலியாக இருந்தன: தரைத்தளத்தில் ஒன்று, இரண்டாம் மாடியில் ஒன்று. நான் தரைத்தளத்துச் சாவியைக் கையில் வாங்கிவிட்டேன். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று, மேலே ஏறத் தொடங்கினாள்.

"எங்க போற? கீழ் வீடுதான் நமக்கு வசதி."

"வசதி உங்களுக்கு. ஆன்டெனாவுக்கு?"

"தினம் எறங்கி ஏற முடியுமா உன்னால?"

"எறங்குனாத்தானே ஏறணும்," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சாவியை மாற்றிக்கொண்டேன். அதன்பின் ஞாயிறு ஆராதனைக்கும் மருத்துவமனைக்கும் தவிர அவள் படி இறங்கவில்லை. கடைசி ஆண்டில் போதகரே வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுத்தார். தெருவை விட்டுக்கொடுத்து மொட்டைமாடியின் அடியில் ஓர் அறையை அவள் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான். காலை ஏழு மணிக்குத் தன் பட்டியலைத் தன் குரலில் படிக்க வேண்டும். வேறெதையும் அவள் என்னிடம் கேட்டதில்லை.

சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. என் வரைபடத்தை அவர் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா சார் இது, இடிதாங்கியா?"

"இல்லை. ரேடியோ ஆன்டெனா."

"ஞாயித்துக்கிழம படம் ஓடசொல்ல கோடு கோடா வராம இருந்தா சரி. கம்பி கிம்பி குறுக்க இழுக்காதே. கொடிக்கம்பம் மாதிரி ஒண்ணு நட்டுக்கோ, அதுவும் தொட்டி மூலைல. பதிமூணு அடிக்கு மேல போச்சின்னா நானே வந்து அறுத்துடுவேன், ஆமா."

எங்கள் அலைவரிசைக்கு நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனா ஒன்று பத்து மீட்டருக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. குட்டையான ஆன்டெனா, தனக்குக் கொடுக்கப்படும் சக்தியின் பெரும்பகுதியை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பிவிடும். அதை வாங்க வைப்பதற்காக இடையில் ஒரு கம்பிச்சுருளையும் மின்தேக்கியையும் அளவு பார்த்துச் சேர்க்க வேண்டும். அளவு இம்மி பிசகினாலும் பயனில்லை. முதல் ஆறு மாதம் இந்த வேலையைக் கையால் செய்தேன். மாடியில் சுருளைத் திருத்துவேன், இறங்கி வந்து மீட்டரைப் பார்ப்பேன், மறுபடி ஏறுவேன். பட்டியல் தொடங்கும்போது எனக்கு மூச்சு வாங்கும். இவ்வளவுக்கும் பின் பெங்களூருக்கு அவள் குரல் பாதிதான் போய்ச் சேர்ந்தது. மதுரைக்காரர் ஒருநாள் மிகுந்த பணிவோடு சொன்னார்:

"டீச்சர், தப்பா நெனைக்கக் கூடாது. சிக்னல் ரொம்பக் கம்மியா இருக்கு. கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுங்களேன். பட்டியல நான் படிக்கிறேன்."

"ஈஸ்டர் வரைக்கும் பாப்போம் சார். அதுக்குள்ள சரியாகலைன்னா நீங்களே படிங்க," என்று அவள் பதில் சொன்னாள். பிறகு ஒலிவாங்கியை மேசைமேல் வைத்தாள். வீங்கிய விரல்களால் அதன் கம்பியைச் சுற்றி வைக்க முயன்று, முடியாமல், அப்படியே விட்டாள். நான் சுற்றி வைத்தேன்.

டியூனர் அந்த ஜனவரியில் வந்தது. சாம்பல் நிறப் பெட்டி. நம் வீட்டு எவர்சில்வர் டிபன் கேரியரைப் படுக்க வைத்தது போன்ற அளவு. உள்ளே வரிசை வரிசையாகச் சுருள்களும் மின்தேக்கிகளும், அவற்றைச் சேர்க்கவும் விலக்கவும் சிறு ரிலேக்களும், எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய ஒரு நுண்செயலியும் இருந்தன. பொத்தானை அழுத்தி அலையைச் செலுத்தினால், நான் அரை மணி நேரம் ஏறி இறங்கிச் செய்ததை அது மூன்று நான்கு விநாடிகளில் செய்து முடித்தது. ரிலேக்கள் அடித்துக்கொள்ளும் சத்தம், அம்பத்தூர் மார்க்கெட் பக்கம் மாடியிலிருந்த தட்டச்சுப் பயிற்சிப் பள்ளியில் புதிய மாணவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தட்டுவது போலிருக்கும். பிறகு சட்டென்று அமைதி. ஒரு பச்சை விளக்கு.

அந்தப் பெட்டியை நான் வியக்கிறேன்; இன்றும். ஆன்டெனா ஏன் குட்டையாக இருக்கிறது என்று அது கேட்பதில்லை. தன்னிடம் உள்ளவற்றில் எதை எதனோடு சேர்த்தால் இந்தக் குறைவான பொருளைக் கொண்டு வேலை நடக்கும் என்று மட்டும் தேடுகிறது. தவறான சேர்க்கையில் அது தங்குவதில்லை, அதை மறைப்பதுமில்லை. அடுத்ததற்குப் போகிறது. கல்லூரியில் நான் பார்த்த சிறந்த மனங்கள் சில அப்படி இயங்கின. என் வீட்டில் ஒன்று.

முதலில் அதை அறையில், ரேடியோவின் பக்கத்திலேயே வைத்தோம். மழையில் நனையாது என்றேன். பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றாள். பொத்தானை அழுத்தினாள், ரிலேக்கள் படபடத்தன, விளக்கு எரிந்தது. திரும்பி வரும் சக்தியைக் காட்டும் முள் சுழியத்தில் படுத்துவிட்டது. இத்தனை மாதங்களில் அது அவ்வளவு நிம்மதியாகப் படுத்ததில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பட்டியலைத் தொடங்கினாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. சற்று நேரத்துக்குப் பின் மதுரைக்காரர், "டீச்சர் இன்னைக்கு வரலை போலிருக்கு," என்றார். அவர் குரல் எங்கள் அறையில் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் அவள் மறுபடி முயன்றாள். மறுபடியும் பச்சை விளக்கு. மறுபடியும் மதுரைக்காரர், இம்முறை பெங்களூர்க்காரரிடம், டீச்சர் உடம்பு எப்படி என்று விசாரித்தார். பெங்களூர்க்காரர், "ரெண்டு நாளா ஒண்ணும் தெரியல," என்றார்.

"என் உடம்பைப் பத்தி எனக்கே நியூஸ் வாசிக்கிறாங்க," என்று அவள் சொன்னபோது இருவருமே சிரித்துவிட்டோம்.

காரணம் எங்கள் இருவருக்குமே தெரிந்ததுதான். ஆனால் அந்த விளக்கு எரியும்போது அது நினைவில் நிற்பதில்லை. டியூனர் தன்னிடமிருந்து தொடங்கும் கேபிளோடு சமாதானம் செய்துகொண்டிருந்தது. அந்தக் கேபிளோ மாடியின் மறுமூலை வரை நீண்டு, குட்டை ஆன்டெனா வாங்க மறுத்ததை மறுபடி மறுபடி தனக்குள்ளேயே அலையவிட்டு, சூடாக்கித் தீர்த்துக்கொண்டிருந்தது. பொருத்தம் சரி. வெளியே எதுவும் போகவில்லை. நான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். அவள் தன் நாற்காலியில் இருந்தபடி இன்னொரு காகிதத்தில் போட்டாள். விடைகள் ஒன்றுபோலவே வந்தன. டியூனரைக் குழாயின் அடியிலேயே வைக்க வேண்டும்.

அதை மாடிக்கு ஏற்றி, தொட்டிச் சுவரில் தகரக் கூரை அடித்து, அதனடியில் பொருத்தினேன். மறுநாள் போர்ட் பிளேர் பதில் சொன்னது. "உள்ளேன் டீச்சர்! ரொம்ப நாளாச்சு!" என்று ஒரு குரல், கடலைத் தாண்டி. ஆனால் பெங்களூருக்கு இன்னும் அரைகுறை. செங்கல்பட்டுக்குச் சுத்தமாக இல்லை. நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனாவின் இயல்பு அது. தொடுவானத்தை ஒட்டி அலையை வீசும். தொலைவில் இருப்பவனுக்குக் கேட்கும், பக்கத்தில் இருப்பவனைத் தாண்டிப் போய்விடும். பக்கத்து ஊர்களின் பதில்களைப் போர்ட் பிளேர்க்காரர் வாங்கி அவளுக்குச் சொல்ல ஒப்புக்கொண்டார். செங்கல்பட்டு வந்திருக்கிறாரா என்று ஐயப்பன்தாங்கல் போர்ட் பிளேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட காலம் அது.

ஆயினும் ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. போதிய பலம் இன்னும் வரவில்லை. குழாய் நிற்கும் இடத்தில் அதற்கு, எர்த் போல மின்சாரத்தை ஏந்தும் தரை வேண்டும். மூன்றடுக்குக் கட்டடத்தின் உச்சியில் தரை ஏது? தரைக்குப் பதிலாகக் கம்பிகளைப் பரப்பலாம். செயலாளரோ குறுக்கே கம்பி கூடாது என்று சொல்லியிருந்தார்.

"மாடில வேற என்ன கம்பி இருக்கு?" என்று கேட்டாள். அவள் அந்த மாடியை அதுவரை பார்த்ததில்லை.

"துணி காயப்போடுற கொடி இருக்கு. வீட்டுக்கு ஒண்ணு."

"எவ்வளவு நீளம்?"

நான் பதில் சொல்வதற்குமுன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். எட்டு இரும்புக் கம்பிகள், தொட்டி ஓரத்திலிருந்து படிக்கட்டு வாசல் வரை, இணையாக. ஏறத்தாழ பத்து மீட்டர். எந்தப் பாடநூலும் இதைவிடச் சரியான நீளத்தைச் சொல்லியிருக்க முடியாது. இறங்கி வந்து எண்ணைச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "ஸ்தோத்திரம்," என்றாள்.

கொடிகளின் தொட்டிப்பக்க முனைகளை ஒரு தடித்த செம்புக் கம்பியால் இணைத்து டியூனரின் தரைமுனையில் கட்டினேன். மறுமுனைகளில் கொக்கிக்கும் கம்பிக்கும் இடையே நைலான் கயிறு கொடுத்தேன். அவரவர் கொடியில் கைவைக்க அவரவர் அனுமதி வேண்டும் என்று என் மனைவி சொல்லியிருந்தாள். மாலையில் ஒவ்வொரு வீடாகக் கேட்போம் என்பது திட்டம். காலையில் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடலாம் என்பது எங்கள் இருவரின் அவசரம்.

மறுநாள் காலை அவள் பட்டியலைத் தொடங்கினாள். பெங்களூர் முழுப் பலத்தோடு வந்தது. மதுரை, "டீச்சர்! என்ன பண்ணீங்க? பக்கத்து ரூம்ல இருந்து பேசுற மாதிரி இருக்கு!" என்றது. அந்த நேரத்தில் மாடிப்படியில் ஓர் அலறல். பிறகு எங்கள் கதவு.

முதல் மாடியில் குடியிருந்தவர், வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த பெண்மணி. கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. ஒரு கையில் பிழிந்த புடவை, மறு கையின் விரலை வாயில் வைத்திருந்தார்.

"இன்னா டீச்சரே, இன்னா வேல பண்ணி வச்சிக்கீறீங்க? என் கொடி என்னயே கட்ச்சிட்ச்சி! பத்து வர்சமா அதுல துணி போடறேன், ஒரு நாளாவது கட்ச்சிதா?"

கொடியின் தொலைமுனையில்தான் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். படிக்கட்டு வாசலுக்கு அருகே இருந்ததும் அந்த முனைதான். எல்லாரும் துணி விரிக்கத் தொடங்குவதும் அங்கிருந்துதான். காயம் சிறியது, சிகரெட் நுனி பட்டது போன்ற ஒரு வெள்ளைப் புள்ளி. நான் விளக்கத் தொடங்கினேன். என் மனைவி என்னைக் கையமர்த்தி, ஒலிவாங்கியில், "மதுரை, ரெண்டு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்மணியைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். விரலைத் தன் வீங்கிய விரல்களுக்குள் வாங்கிப் பார்த்தாள்.

"மன்னிச்சிரும்மா. கேக்காம செஞ்சிட்டோம். எல்லாத்தையும் இன்னைக்கே கழட்டிடச் சொல்றேன்."

அப்போது ரேடியோவில் போர்ட் பிளேர் பேசியது. கடல் கொந்தளிப்பாக இருப்பதாகவும் கப்பல் இரண்டு நாள் தாமதம் என்றும்.

"இது யாரு?"

"அந்தமான்ல இருந்து பேசுறார்."

"அந்தமானா? போனு கூட இல்லாமயா?" அவர் விரலை இழுத்துக்கொண்டார். "என் கொடி வழியாவா?"

"உங்க கொடி இல்லைன்னா நான் பேசுறது அவங்களுக்குக் கேக்காது."

அவர் ரேடியோவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நானும் ரெண்டு வார்த்த பேசறேன் குடு."

"பேசக் கூடாதும்மா. லைசென்ஸ் வாங்கினவங்கதான் பேசலாம். அது சட்டம்."

"நல்லா கீதே நாயம்! கம்பி எங்க்ளுது, கடி எங்க்ளுது, பேச்சு மட்டும் ஒங்க்ளுதா?"

என் மனைவி சிரித்த சிரிப்பில் ஒலிவாங்கி மேசையிலிருந்து விழுந்தது. கடைசி மூன்றாண்டுகளில் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

அன்று மாலை எட்டு வீட்டுப் பெண்களும் எங்கள் கூடத்தில் இருந்தார்கள். தரைத்தளத்துப் பெண்மணியின் கணவர் பூந்தமல்லியில் வளையல் கடை வைத்திருந்தார், ஐந்து பிள்ளைகள், ஆகையால் குடியிருப்பிலேயே முதலில் துணி துவைப்பவர் அவர்தான். அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, எத்தனை மணியிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும் பேசுவீங்க? அதைச் சொல்லுங்க. சுபுஹு தொழுது முடிச்சு நான் ஊற வைக்கிறதைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கறேன்."

"ஏழுல இருந்து ஏழரை. சில நாள் கொஞ்சம் நீளும்."

"நீண்டா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

இங்கேதான் அந்தச் சிவப்புத் துண்டு வந்தது. யோசனை யாருடையது என்பதில் பின்னாளில் நான்கு பேர் உரிமை கொண்டாடினார்கள். ரயில்வே கார்டின் மனைவி தன்னுடையது என்பதற்குத் தொழில்முறைச் சான்று வைத்திருந்தார். காலையில் ரேடியோவைப் போடுமுன் நான் மாடி வாசலின் கதவில் சிவப்புத் துண்டைத் தொங்கவிட வேண்டும். முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். துண்டு இருந்தால் டீச்சர் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். யாரும் கொடியைத் தொடக் கூடாது. என் பங்குக்கு எட்டுக் கொடிகளின் துருப்பிடித்த கம்பியையும் மாற்றித் தந்தேன். புடவைகளில் துருக்கறை படிவது நின்றது. அதன்பின் செயலாளர் குறுக்குக் கம்பியைப் பற்றிப் பேசவில்லை. பேசுவதற்கு அவர் வீட்டிலேயே அனுமதி இல்லை என்று கேள்விப்பட்டேன்.

ஈஸ்டர் ஞாயிறு அன்று மதுரைக்காரர், பட்டியலை இனி யார் படிப்பது என்ற பேச்சே எழவில்லை என்பதுபோல், முதல் ஆளாக "உள்ளேன் டீச்சர்" என்றார்.

இரண்டரை ஆண்டுகள் இது நடந்தது. நினைத்துப் பார்த்தால், சொல்லத்தக்க நிகழ்ச்சி என்று அதில் அதிகமில்லை. ஒருநாள் பட்டியலின் நடுவே மாடியில் ரிலேக்கள் படபடத்தன. திறந்த வாசல் வழியே அந்தச் சத்தம் எங்கள் அறைக்கு எப்போதும் கேட்கும். கம்பியில் ஈரத்துணி விழுந்தால் ஆன்டெனாவின் நிலை மாறிவிடும்; டியூனர் உடனே புதிய சேர்க்கையைத் தேடத் தொடங்கும். நான் மாடிக்குப் போக எழுந்தேன்.

"இருங்க," என்றாள். "தரைத்தளத்துக் கொடியா இருக்கும். பெரிய பொண்ணுக்கு இன்னைக்குப் பரீட்சை. ஒரே ஒரு யூனிஃபார்ம் செட்டுதான். நேத்து மழைல நனைஞ்சிருக்கும்."

"தொட்டா சுடுமே."

"இப்ப சுடாது," என்று சக்தியைக் குறைக்கும் குமிழைத் திருப்பினாள். "சின்னதாப் பேசுனா போதும். பெட்டி பாத்துக்கும்." அன்று ரேடியோவில் சொன்னாள்: "இன்னைக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் பேசுவேன். எங்க மாடில ஒரு பத்தாம் கிளாஸ் பாவாடை காயுது." பெங்களூர்க்காரர் அந்தப் பெண்ணுக்கு வாழ்த்துச் சொன்னார்.

நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. அவள் சொன்ன கொடியில்தான் இருந்தன. அவள் ஒருமுறைகூட ஏறிப் பார்க்காத அந்த மாடியை, மீட்டரின் முள்ளிலும் ரிலேயின் ஓசையிலும் வீடுகளின் செய்தியிலும் இருந்து கட்டி எழுப்பித் தன்னுள் வைத்திருந்தாள். எந்தக் கொடி யாருடையது, எது தளர்ந்திருக்கிறது, எங்கே போர்வை துவைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் அங்கே நாள்தோறும் போனவன். எனக்கு அவை எட்டுக் கம்பிகளாகவே இருந்தன.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அளப்பது என் வேலையாக இருந்தது.

1997 நவம்பரில், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், துண்டைத் தொங்கவிட்டு இறங்கி வந்தேன். அவள் ஒலிவாங்கியைக் கையில் எடுத்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. "இன்னைக்கு மதுரை படிக்கட்டும்," என்றாள். முதன்முறையாக. முதல் மாடிப் பெண்மணியின் கணவரும் நானும் நாற்காலியோடு அவளைக் கீழே இறக்கினோம். தரைத்தளத்தில், "மெதுவா எறக்குங்க, நான் ஒண்ணும் தொட்டித் தண்ணி இல்ல," என்றாள். அவள் திரும்பி வரவில்லை.

அதன்பின் எனக்கு மாடிக்குப் போக வேண்டிய வேலை இருக்கவில்லை. என் துணிகளை யாரோ வாங்கிப் போய்த் துவைத்து, மடித்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அவற்றில் ஒருவிதமான நிழலில் காய்ந்த வாடை இருந்ததைக் கவனித்தேன். மழைக்காலம் என்று எண்ணினேன்.

ஜனவரியில் ஒருநாள், வெயில் நன்றாக எரியும் முற்பகலில், டியூனரைக் கழற்றுவதற்காகத் திருப்புளியோடு படியேறினேன். படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று கீழே பார்த்தேன்: பால்கனிக் கம்பிகளில், சன்னல்களில், கீழே சுற்றுச்சுவரின் மேல், சைக்கிள்களின் மேல், எங்கும் துணிகள். மாடிக்குப் போனேன். எட்டுக் கொடிகளும் காலியாக இருந்தன. கதவில் சிவப்புத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. மழையும் வெயிலும் பட்டு அது வெளுத்திருந்தது.

கீழே இறங்கி முதல் மாடிக் கதவைத் தட்டினேன்.

"ஏம்மா, மாடியில யாரும் துணி போடறதில்லையா?"

அந்தப் பெண்மணி என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"துண்டு கீதே சார்."

"அது அன்னைக்கே எடுத்திருக்க வேண்டியது. நான் மறந்துட்டேன். நீங்க எடுத்துப் போட்டிருக்கலாமே."

"நாங்க எப்டி சார் எடுக்கறது? துண்டு இருந்தா டீச்சர் பேசிகினு கீறாங்கன்னுதான பேச்சு? நீங்க வச்சது. நீங்கதான் எடுக்கணும்." பிறகு, கதவில் சாய்ந்துகொண்டு, "எங்க ஊட்டுக்காரு கேட்டுச்சி, நான் எடுத்துடவான்னு. கைய ஒட்ச்சிடுவேன்னு சொல்லிட்டேன். கீழ் ஊட்டு அக்காவும் அதேதான் சொல்ச்சி. அவ்ளோ பெரிய குடும்பம், அவ்ளோ துணி, பாவம், சைக்கிள்ல போட்டுகினு கீது," என்றார்.

"நாளைக்குக் காலைல எடுத்துடறேன்," என்றேன்.

"மெதுவா எடு சார். இன்னா அவசரம்."

மறுநாள் ஏழு மணிக்கு முன்பாக அவளுடைய நாற்காலியில் அமர்ந்து ரேடியோவைப் போட்டேன். முறைப்படி ஓர் அறிவிப்புச் செய்துவிட்டு நிலையத்தை மூடுவதே என் எண்ணம். பொத்தானை அழுத்தினேன். மாடியில் ரிலேக்கள் ஒரே ஒருமுறை 'டக்' என்றன. தேடவில்லை. கடைசியாகக் கண்ட சேர்க்கையை அது நினைவில் வைத்திருந்தது. கொடிகள் காலியாக இருந்ததால், அன்று பொருந்தியது இன்றும் பொருந்தியது. பச்சை விளக்கு எரிந்தது. பச்சை விளக்கு எதை மட்டும் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை நான் அறிவேன்.

மதுரைக்காரர் பட்டியலைப் படித்தார். நிதானமாக, சற்றே தயங்கி, தனக்குச் சொந்தமில்லாத ஒன்றைப் படிப்பவராக. பெங்களூர் வந்தது. போர்ட் பிளேர் வந்தது. பெயர்களின் இடையே அவர் விடும் இடைவெளிகள் அவள் விட்ட அளவுக்கே இருந்தன. இறுதியில், "வேறு நிலையம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அவள் கேட்கும் விதத்திலேயே. நான் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன். அவர் காத்திருந்தார். பிறகு நன்றி சொல்லி முடித்தார்.

இந்த நிலையில் முடிக்கப்படாமல் இருப்பவை:

டியூனர் பெட்டியின் மூடியில் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறது. அடுத்த மழைக்குமுன் மாற்ற வேண்டும்.

அவளுடைய உரிமத்தை ரத்து செய்யச் சொல்லி அமைச்சகத்துக்கு எழுத வேண்டும்.

பட்டியலை இனி அவரே வைத்துக்கொள்ளலாம் என்று மதுரைக்காரரிடம் சொல்ல வேண்டும். அவள் அதைச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அது காற்றில் ஏறவில்லை.

கொடிகளை இணைக்கும் செம்புக் கம்பியைக் கழற்றலாமா என்று மற்ற ஏழு வீடுகளிலும் கேட்க வேண்டும். இம்முறை முன்கூட்டியே.

துண்டு.